கண்ணாடிக்குத் தனி விலை

எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது. முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். மலர் அச்சுக்குப் போகுமுன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். "பிள்ளை, கொம்மாவைத் தொழிலதிபர் எண்டு போடு. கூட்டித் துடைச்ச கதையெல்லாம் என்னத்துக்கு?" என்றார். அன்பினால்தான் சொன்னார். ஆனாலும் ஏலாது. அம்மா கூட்டினார், துடைத்தார், மலசலகூடம் கழுவினார். பிறகு அதே வேலைக்குப் பத்துப் பெண்களைச் சேர்த்துத் துணை ஒப்பந்தம் எடுத்தார். அந்த உழைப்பில்தான் நானும் தம்பியும் படித்தோம். அதை மறைத்து எழுதினால் இந்த மலரில் இருப்பவர் வேறு யாருடைய அம்மாவோ. சித்தப்பா கோபிக்கக்கூடாது.

அம்மா சாம்பல்தீவில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். திருமணமாகி லிங்கநகருக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயதும் தம்பிக்கு நான்கு வயதுமாக இருக்கையில் அப்பா மாரடைப்பால் காலமானார். அடுத்த மாதமே அம்மா துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தால் நாளைக்கு வரவேண்டாம் என்பார்கள். எட்டு வருடம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது அவருக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும்.

அவரே ஆள் சேர்த்து எடுத்த முதல் ஒப்பந்தத்தில் பிழை விட்டார். அதையும் நான் மறைக்கப்போவதில்லை. கடலைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம். கொழும்பு நிறுவனமொன்று துப்புரவு வேலையை எடுத்து, அதை அம்மாவிடம் இறக்கிக் கொடுத்தது. தரையின் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை. அம்மா வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார், கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்க்கவில்லை. துறைமுகப் பக்கம் முழுவதும் கண்ணாடி. வாடைக் காற்று தொடங்கியதும் அதில் உப்பு அப்பியது. காலையில் கழுவினால் மத்தியானம் மறுபடி வெள்ளை.

கிண்ணியாவிலிருந்து வந்து அம்மாவோடு வேலை செய்த ஜெசீமா அன்ரி ஒரு பின்னேரம் வாளியைக் கீழே வைத்தார். "அக்கா, இந்தக் கண்ணாடியால ஒவ்வொரு நாளும் பஸ் போயிடுது. ரெண்டு மணித்தியாலம் சும்மா உழைச்சுக் குடுக்கிறம்" என்றார். "ஓம், பிழை என்ர" என்றார் அம்மா. அந்த மாதம் மேலதிக நேரத்துக்கான கூலியைத் தன் பங்கிலிருந்து கொடுத்தார்.

பிறகு நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் விலையைத் திருத்தக் கேட்டார். "மற்ற ஆக்கள் இதைவிடக் குறைச்சலுக்கு வரினம் அக்கா. நீங்கள் கையெழுத்தும் வைச்சிட்டீங்கள்தானே" என்றார் அவர்.

"ஓம் தம்பி, வைச்சனான். தரைக்கு எண்டுதானே இதில கிடக்கு? தரையை நாங்கள் வடிவாத் துடைப்பம்."

அடுத்த நாளிலிருந்து தரை மட்டும்தான். அதில் முகம் பார்க்கலாம். கண்ணாடியை ஒருவரும் தொடவில்லை. ஒரு கிழமையில் உள்ளே இருந்தவர்களுக்குத் துறைமுகமே தெரியாமற்போனது. வேலை பறிபோனால் பத்து வீட்டில் அடுப்பு எரியாது என்ற பயத்தில் அம்மா அந்த நாட்களில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் மனம் மாறவில்லை. கடைசியில் கட்டடத்துப் பெரியவர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினாராம். மறுநாளே மேற்பார்வையாளர் வந்தார். கண்ணாடிக்குத் தனி விலை, வாடைக் காலத்தில் அதற்கு மேல். கையுறையும் சவர்க்காரமும் நிறுவனத்தின் செலவு. பஸ்ஸுக்கு முன் வேலை முடியவேண்டும். எல்லாம் எழுத்தில்.

அதன்பின் எந்தக் கட்டடத்திலும் தானே ஒரு மாடியைத் துடைத்து, மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறித்த பிறகுதான் அம்மா விலை சொன்னார். அதனால் சில ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போயின. "பெட்டையளின்ர வயித்தில அடிச்சுத்தான் வேலை எடுக்கவேணுமெண்டால் எனக்கு அது வேண்டாம்" என்பார்.

சிறுநீரக நோயோடு வார்டில் கிடந்தபோதும் தரை துடைக்க வந்த பெண்ணை மறித்து, "பிள்ளை, உங்களை எத்தினை மணிக்கு விடுவினம்?" என்று விசாரித்தார். அதற்கு நான்காம் நாள் எங்களை விட்டுப் போனார். அம்மா இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை.

இரவு பகலாகப் பார்த்த தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவருக்கும், கிரியைகளை முன்னின்று செய்வித்த சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி.

அம்மாவோடு வேலை செய்த பத்துப் பெண்களுக்கும் சொல்ல வேண்டிய நன்றி வேறு. எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவுக்கு மறுநாள் கொழும்பு நிறுவனத்தின் அதே மேற்பார்வையாளர் துக்கம் விசாரிக்க வந்தார். கதிரையில் அமர்ந்து தேநீரை வாங்கியவர், "அக்கா இல்லைத்தானே தங்கச்சி. இனிப் பழையபடி சதுர அடிக்கே செய்வம்" என்றார். குசினியிலிருந்து ஜெசீமா அன்ரி வெளியே வந்தார்.

"அக்கா மௌத்தாப் போயிட்டா. நாங்க பத்துப் பேரும் உசிரோடதான் இருக்கம். விலையைக் கதைக்கிறெண்டா எங்களோட கதைங்க."

மேற்பார்வையாளர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். விலையில் ஒரு சதமும் குறையவில்லை. புதிய ஒப்பந்தத்தில் அம்மாவின் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஜெசீமா அன்ரியின் கையெழுத்து இருக்கிறது.