சுபாங்கில் கிடைத்த அண்ணன்

எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை. சுபாங் விமான நிலையத்தில், என் மூன்று மாதப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடல் தாண்டிக் கூச்சிங் போகும் விமானத்துக்காகக் காத்திருந்தேன். என் கணவருக்கு அங்கே அரசாங்க வேலை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதால் கிள்ளானுக்கு வந்திருந்த நான், பிள்ளையோடு அவரிடம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

குழந்தை குறை மாதத்தில் பிறந்தவள். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த காய்ச்சலில் தாய்ப்பாலும் நின்றுபோனது. டின் பால்தான் கொடுத்தோம். அதிலும் டாக்டர் சொன்ன ஒரே ஒரு வகைதான் அவளுக்கு ஒத்துக்கொண்டது. ஒருமுறை அது கிடைக்காமல் வேறு பாலைக் கரைத்துக் கொடுத்து, வயிற்றுப்போக்கு நிற்காமல், ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து தேறி அப்போதுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இனி வேறு பால் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

என் டிக்கெட் இருப்பதிலேயே குறைந்த கட்டண டிக்கெட். ஏற வேண்டிய விமானத்தை விட்டால் அவ்வளவுதான், அடுத்ததில் இடம் தர மாட்டார்கள். அதனால் நேரத்தை மாற்ற வழியில்லை. அம்மா காலண்டரைப் பார்த்தார். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் சரியாக ராகு காலத்தில் விழுந்தது.

எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்போம். நல்ல நேரம் இருக்கும்போதே பயணச் சாமான் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை, போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டால் போதும். ராகுவுக்கே கண்கட்டு வித்தை காட்டுகிறீர்கள் என்று அப்பா கேலி செய்வார். குழந்தையின் முதல் பயணம் என்பதால், காலையில் அவளுக்குப் பால் கொடுத்து முடித்ததும் அம்மா குழந்தையின் கூடையையே எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்தார். பால் டின், புட்டி, சுடுநீர்ப் பிளாஸ்க் எல்லாம் அதற்குள்தான்.

எதிர்வீட்டு அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். "நீங்கள் வெளிக்கிட முந்தியே உங்கட சாமான் பயணம் போயிட்டுது" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தாராம்.

என்னையும் ஒரு கைக்குழந்தையையும் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள். கற்பூரம் காட்டினார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா ஒருவர், நேரமாகிறது என்று எல்லாரையும் விரட்டி விரட்டி ஏற்றினார். அத்தை கூடையை எடுத்திருப்பார் என்று அம்மா நினைத்தார். அம்மா எடுத்திருப்பார் என்று அத்தை நினைத்தார். நான் இருந்த அழுகையில் எதையுமே நினைக்கவில்லை. ராகு ஏமாந்தாரோ இல்லையோ, நாங்கள் நன்றாக ஏமாந்தோம்.

கூடை இல்லை என்பது எனக்குத் தெரிந்தபோது, சோதனையெல்லாம் முடிந்து விமானம் ஏறும் கூடத்துக்குள் வந்துவிட்டேன். வீட்டார் மாடியில், கையசைத்து வழியனுப்பும் இடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களை எட்ட வழியில்லை. எட்டினாலும் என்ன பயன், எதிர்வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள். சரி, வீட்டில் பால் குடித்துவிட்டுத்தான் வந்தாள், கூச்சிங்கில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போதுதான் விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள்.

இப்போது மலிவுக் கட்டண விமானங்களுக்கென்றே பெரிய நிலையங்கள் வந்துவிட்டன. குழந்தைக்குப் பால் கொடுக்கத் தனி அறை, துணி மாற்ற மேசை, வெந்நீர்க் குழாய் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அன்று அந்தக் கூடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூலையில் ஒரு சிறிய கடை, அதில் தின்னக் கறிபாப், கச்சான், குடிக்க மைலோ. கழிப்பறைக்குப் பக்கத்தில் முஸ்லிம்கள் தொழும் சிறிய அறை. வேறொன்றும் இல்லை.

குழந்தை முதலில் சிணுங்கினாள். பிறகு அலறினாள். அங்கே பணியிலிருந்த ஊழியர் ஒரு தமிழர், மீசைக்காரர். வெளியே போய்ப் பால் வாங்கி வரட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"வெளிய போனீங்கன்னா திரும்ப உள்ள வர டைம் இருக்காது லா, அக்கா. எப்ப கூப்பிடுவாங்கன்னு எங்களுக்கே தெரியல" என்றார். சொல்லிவிட்டு அவரே வெளியே ஓடினார். கடை கடையாகக் கேட்டுவிட்டு, குழந்தைப் பால் எங்கேயும் இல்லை என்று காப்பிக்குப் போடும் இனிப்புப் பால் டின் ஒன்றோடு வியர்த்து வழிய வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு யார் அவ்வளவு ஓடியிருப்பார்கள்?

நேரம் போனது. அவளுடைய அழுகை மெலிந்து, கடைசியில் சத்தமே வராமல் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ஆவது ஆகட்டும் என்று, கடையில் வெந்நீர் வாங்கி அந்த இனிப்புப் பாலைக் கரைக்கப் போனேன்.

எதிர் வரிசையில், அதே விமானத்துக்காக ஒரு மலாய்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். பாத்தேக் துணியில், என் மகளைவிடச் சில மாதம் பெரிய குழந்தை ஒன்றைத் தூளி போலக் கட்டி மார்போடு வைத்திருந்தார். எழுந்து வந்து என் கையிலிருந்த குவளையை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். தாய்ப்பால் இல்லையா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என்னிடம் இருக்கிறது என்றார். ஆனால் குழந்தையை வாங்கவில்லை. திரும்பிப் போய்க் கணவரிடம் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சு முடிகிற வழியாகத் தெரியவில்லை. கணவர் வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசியில் கணவர் எழுந்து வந்தார். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பசியில் துவண்டு கிடக்கிற பிள்ளையில் ஆண் என்ன, பெண் என்ன? பெண் என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார். எங்களுக்கு இருப்பது பையன். ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் எங்கள் மார்க்கத்தில் கூடப் பிறந்தவர்களாக ஆகிவிடுவார்கள், பின்னால் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளக் கூடாது. பலமுறை வயிறு நிறையக் குடித்தால்தான் அந்த உறவு உறுதியாகும். ஒன்றிரண்டு முறைக்கு ஆகாது. ஆனாலும் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? "உங்களுக்குச் சம்மதமா? உங்கள் மார்க்கத்தில் இதற்குத் தடை ஏதும் உண்டா?"

அவர் மலாயில் கேட்டதைத்தான் தமிழில் சொல்கிறேன். அந்தக் கேள்வியின் மரியாதை எனக்கு அப்போது உறைக்கவில்லை. தடை உண்டா என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆசாரம் பார்க்கிற மாமியாரின் முகம் கண்முன் வந்து போனது. கண்ணாடி வழியே மேலே பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூட்டம், ஓடுபாதையில் போய்க்கொண்டிருந்த யாருடைய விமானத்துக்கோ சளைக்காமல் கையசைத்துக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் கேட்க முடியாது, யாரிடமும் கேட்க முடியாது. இவள் எனக்குப் பிறந்தவள், நான்தான் சொல்ல வேண்டும்.

சம்மதம் என்றேன்.

பால் கொடுக்க மறைவிடம் தேடினால் ஒன்றுமில்லை. அந்தப் பெண் என்னைத் தொழுகை அறைக்கு அழைத்துப் போனார். நெற்றியில் திருநீறோடு இருந்த குழந்தையுடன் வாசலில் தயங்கி நின்றேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கோயிலில் செய்வதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். அவர் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் மகனை என் மடியில் போட்டுவிட்டு, என் மகளை வாங்கிக்கொண்டார். வாய்க்குள் இறைவன் பெயரைச் சொல்லிப் பால் கொடுத்தார்.

முதலில் அவளுக்குக் குடிக்கத் தெரியவில்லை. புட்டியில் பழகிய வாய். அவர் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி மறுபடி வைத்தார். சற்று நேரத்தில் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. நான் அவருடைய மகனைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். அந்தப் பையன் பாவம், என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

விமானம் ஒருவழியாகப் பிற்பகலில்தான் கிளம்பியது. வானத்திலும் ஒருமுறை அவரே பால் கொடுத்தார். கூச்சிங்கில் இறங்கியதும் அவருடைய கணவர், தங்கள் மகனின் பெயரையும் ஊர்ப் பெயரையும் என்னை வாய்விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். எங்கள் மகள் பெயரைத் தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பெரியவளானதும் இவளிடம் சொல்லிவிடுங்கள், எங்கள் மகனிடம் நாங்களும் சொல்கிறோம்" என்றார் அந்தப் பெண். ஓரிரு பெருநாள் வாழ்த்துகள் போய் வந்தன. பிறகு அவர்களும் ஊர் மாறினார்கள், நாங்களும் மாறினோம்.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்தேன். வீடு திரும்பி, கூடை எதிர்வீட்டிலேயே தங்கிவிட்டது தெரிந்ததிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பையனுக்கு என்ன நட்சத்திரம்னு கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. அதனால் அம்மா இருந்தவரை, என் மகள் பிறந்தநாளுக்கு அர்ச்சனை செய்யும்போதெல்லாம், கூட ஒரு தட்டு வாங்கிச் சாமி பெயருக்கே செய்வார். ஐயர் ஏன் என்று கேட்டால், எங்கள் பேரன் ஒருவன் வெளியூரில் இருக்கிறான் என்பார்.

எனக்கு அதன் பிறகு பிள்ளை இல்லை. மகளின் கல்யாணத்தில் ஹோமத்துக்குப் பொரி அள்ளிப் போட, பெண்ணுடைய அண்ணனோ தம்பியோ வரவேண்டும் என்று ஐயர் கூப்பிட்டார். அப்படி யாரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மணவறையிலிருந்த என் மகள் நிமிர்ந்தாள்.

"அண்ணன் இருக்கார் ஐயரே. இன்னிக்கி வர முடியல. அவருக்குப் பதிலா சித்தி பையன் போடுவார்."

என் தங்கை மகன் பொரி போட்டான். சுபாங்கில் என் மடியிலிருந்த அந்தப் பையன் எங்கேயோ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லாமல், இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்தையும் நான் தொடங்குவதில்லை.