பற்றறி கழற்றிய சனிக்கிழமை

ஓக்லண்டில் பனி கொட்டுவதில்லை. குளிர்காலம் என்று இங்கே சொல்வது மழையைத்தான். ஆனாலும் தொண்ணூறுகளின் கடைசியில், இங்கே குளிர் தொடங்கும் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் கணவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளைக் குளிர்காலத்துக்கு மூடிவைக்கிற வேலையைக் கலியாண வீட்டு ஆயத்தம் மாதிரித் தொடங்கினார்.

காரணம் நான்தான். முந்தின கிழமை அவர் பென்ரோஸில் வேலைக்குப் போகும் வழியில் ஈர ரோட்டில் சறுக்கி விழுந்து, முழங்கால் தோலை அங்கேயே விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல முழு ஷிப்டும் செய்துவிட்டு வந்திருந்தார். காற்சட்டையின் கிழிசலைக் கண்டு நான் குடைந்தபோதுதான் கதை வெளியே வந்தது. வாய் நோகும்வரை பேசினேன். பிறகு சட்டம் போட்டேன். மழை முடியும்வரை அதைத் தொடக்கூடாது, மழை முடிந்ததும் விற்றுவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு பழைய கார் வந்துவிட்டது, பிறகு இது எதற்கு? அவரோடு வேலை செய்யும் ஒருவர் வாங்கக் காத்துக்கொண்டும் இருந்தார்.

என் கணவர் மறுத்துக் கதைக்கவில்லை. "விக்கிறதெண்டாலும் பழுதாகாம வச்செல்லோ விக்கவேணும்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

ஹென்டர்சனில் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியபோது கூடவே ஒரு சின்னப் புத்தகமும் கிடைத்திருந்தது. குளிர்காலத்தில் வண்டியை எப்படி வைப்பது என்று அதில் ஒரு பகுதி. எழுதியவருடைய ஊரில் ஆளுயரத்துக்குப் பனி விழும் போலிருக்கிறது. இவர் அதை வரிக்கு வரி பின்பற்றினார். கழுவித் துடைத்தார், ஒயில் மாற்றினார், செயினுக்கு எண்ணெய் பூசினார். எலி போகாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்தார்.

"இஞ்ச எங்கயப்பா பனி?" என்று கேட்டேன்.

"புத்தகத்தில போட்டிருக்கு" என்றார்.

துணி அடைப்பதற்கு முன்பே த்ரீ கிங்ஸ் பக்கம் போய்ப் பெற்றோல் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். தாங்கியில் இடைவெளி இருந்தால் உள்ளே துருப்பிடிக்குமாம், ஆகவே கழுத்துவரை நிரப்ப வேண்டுமாம். மூடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரும், ததும்புது." நானும் எட்டிப் பார்த்தேன். எங்களுக்கு அது ஒரு காட்சிதான். யாழ்ப்பாணத்தில் சண்டையால் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் எங்கள் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், அதுவும் சின்ன மருந்துப் போத்தலிலிருந்து. அந்தப் போத்தலை நகையைப் போலப் பூட்டி வைத்திருந்தோம்.

அடுத்தது கார்பரேட்டர். அதில் தேங்கி நிற்கும் பெற்றோலை வடித்து எடுக்க வேண்டும். இவர் ஜாம் போத்தல் ஒன்றைக் கீழே பிடித்து வடித்தார். அடியில் கொஞ்சம் சேர்ந்தது. அதை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் இருவரும் அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஊத்த மனம் வருகுதில்லை" என்றார்.

"அப்ப குடியுங்கோ."

கடைசியில் காரின் தாங்கிக்குள் ஊற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

பிறகு இருக்கையைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு மின்சாரம் தரும் பற்றறியில் கை வைத்தார். "அதை விடுங்கோ" என்றேன். என் வாய்தான், ஆனால் நான் யோசித்துச் சொன்னதல்ல.

"ஏன்? கழட்டி வீட்டுக்குள்ள வைக்கச் சொல்லியிருக்கு."

"அவசரத்துக்கு எடுக்கேலாமப் போகும்."

"என்ன அவசரம்? கார் நிக்குதெல்லோ. இஞ்ச ஆர் வரப்போறாங்கள்?"

அவரை மடக்க வேறு வழி தேடியபோதுதான் கவனித்தேன், கராஜுக்குள் வண்டியை அவர் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் முகம் வாசலைப் பார்க்க நிறுத்தியிருந்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவார்கள், ஓட வேண்டி வந்தால் திருப்பிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. "நீங்கள் மட்டும் என்னவாம்?" என்று கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். புத்தகத்தில் அது இல்லை.

சண்டை நெருங்கி ஊரே மழையில் நடந்து வெளியேறிய நாளில் எங்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. முன்னால் அரிசி மூட்டை, பின்னால் நான், என் மடியில் சட்டி பானை. எத்தனையோ பேர் நடந்தார்கள். அது நின்றுவிடக்கூடாது என்று வழிமுழுக்க மன்றாடிக்கொண்டே போனேன். அதற்கு முன்னும் பின்னும் நான் மோட்டார் சைக்கிளில் ஏறியதெல்லாம் ஏதாவது அலுவலுக்குத்தான். ஆஸ்பத்திரி, கூப்பன் கடை, இல்லாவிட்டால் ஓட்டம். இந்த ஊருக்கு வந்த பிறகு ஏறவே இல்லை. நான் கோபப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது முழுக்கப் பயம்.

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த மழைக்குள்ளும் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் துரத்தவில்லை.

"சரி, கழட்டுங்கோ" என்றேன்.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "அப்ப அவசரத்துக்கு?"

"ஒரு அவசரமும் இல்லை."

பற்றறியைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார். பார்த்தால் சின்னது, தூக்கினால் நல்ல பாரம். வீட்டுக்குள் சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிதான் ஈரமில்லாத இடம். அங்கே கீழ்த்தட்டில் வைக்கலாம் என்று கொண்டு போனவள், கராஜ் வாசலில் நின்று திரும்பினேன். அவர் பழைய படுக்கை விரிப்பை எடுத்து வண்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"உங்கட வேலையில வண்டி கேட்ட ஆளிட்ட விக்கிறதில்லையெண்டு சொல்லிவிடுங்கோ."

விரிப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. "பிறகு கார் இருக்கேக்க இது என்னத்துக்கெண்டு கேக்கப்படாது."

"கேக்கமாட்டன். வெயில் வந்தா என்னை ஒருக்கா ஏத்திக்கொண்டு போங்கோ."

"எங்க?"

"ஒரு இடத்துக்கும் இல்லை. சும்மா."