கோயில் காட்டைச் சுற்றிப் போன லைன்

மலையடிவாரக் காரவள்ளியில் மலை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது எங்கள் ஆபீஸ் சடையன் போன் செய்தான். "அண்ணா, நம்ம ஜெசிந்தா மேடம் தவறிட்டாங்களாம். காலையில, திண்டுக்கல்லுல. நெஞ்சு வலின்னு சொல்றாங்கண்ணா." பஸ் வந்தது; நான் ஏறவில்லை. ஐம்பத்தைந்து வயது ஆள் ரோட்டோரம் நின்று அழுவதைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொல்லிமலை மின்சார ஆபீசில் மேடத்தோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரோடு சண்டை பிடித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சண்டைக்காரர்களில் முதல் ஆள் நான்தான்.

அவர் உதவிப் பொறியாளராக மலைக்கு வந்தபோது லைன் வேலைக்கு எட்டுப் பேர் இருந்தோம். ஐந்து பேர் கீழ்நாட்டு விவசாயக் குடும்பத்து ஆட்கள். மூன்று பேர் மலைக்காரர்கள். நாங்கள் கம்பத்தில் ஏறுவோம்; அவர்கள் ஏணியைப் பிடிப்பார்கள். மத்தியானச் சோறு ஆபீசுக்கு முன்பக்கம் எங்களுக்கு, பின்பக்கம் அவர்களுக்கு. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே நடந்துவந்தது. மேடமோ டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் முன்னால், ஒரு நாள் பின்னால் என்று உட்கார்ந்தார். "அவங்க வேதக்காரங்க, நம்ம வழக்கம் அவங்களுக்கு எங்க புரியப்போகுது" என்று நான் கேலி பேசினேன். எனக்குப் புரியாததெல்லாம் அவருக்குப் புரிந்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் குண்டனி நாடு என்ற மலைப் பகுதியில் ஒரு சிற்றூர் ஐந்து நாளாக இருட்டில் கிடந்தது. அந்த ஊருக்குப் போகும் லைன் அப்போது கோயில் காட்டை ஒட்டிப் போனது. அந்தக் காட்டில் சுள்ளிகூடப் பொறுக்க மாட்டார்கள், செருப்போடு கால் வைக்க மாட்டார்கள். ஒரு கிளை சாய்ந்து கம்பியை அறுத்து, அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. நான் பூட்ஸ் காலோடு உள்ளே போய் அரிவாளால் வெட்டித் தள்ளினேன். சடையன் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் ஊரே வந்துவிட்டது. ஒருவரும் திட்டவில்லை. "கெளம்புங்க சாமி. எங்களுக்குக் கரண்டே வேண்டாங்க" என்றார் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர். மறுநாள் எங்கள் மலைக்காரர்கள் மூன்று பேரும் வேலைக்கு வரவில்லை.

"போலீசைக் கூட்டிட்டுப் போயி கம்பிய இழுத்துரலாம் மேடம்" என்றேன். எனக்கு அப்போதும் கொதிப்பு அடங்கவில்லை.

"இழுத்துரலாம். அடுத்த மழையில யாரு நம்மள அந்த ஊருக்குள்ள விடுவாங்க? ஏணிய யாரு பிடிப்பாங்க?" என்றவர், என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேராகச் சடையன் வீட்டுக்குப் போனார்.

"நீங்க அங்கதான நின்னீங்க சடையன். அண்ணன ஏன் தடுக்கல?" என்று கேட்டார்.

சடையன், "என்னைய ஆருங்க மேடம் கேட்டாங்க?" என்றான். "ஏழு வருசமா ஏணியப் புடிக்கிறேன். இந்த எடம் எப்பிடின்னு ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

எனக்கு முகம் செத்துப்போனது. மேடம் என்னைக் காய்ச்சப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சடையனைப் பார்த்து, "நானும் கேக்கல. தப்பு என்னோடது. இப்ப கேக்கறேன், அந்த லைன எப்படிக் கொண்டுபோகலாம்?" என்றார். காட்டைத் தொடாமல் சரிவைச் சுற்றிக்கொண்டு போக ஒரு தடம் இருப்பதாகச் சடையன் சொன்னான். கம்பங்கள் கூடுதலாக வேண்டும், லாரி போகாது, தோளில்தான் தூக்க வேண்டும்.

மூவரும் வெறுங்காலோடு ஊருக்குப் போனோம். ஊர்ச்சபை முன் கைகூப்பி, தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். அது பாதிப் பொய்; தெரிந்துகொள்ளவே நான் முயலவில்லை. அதையும் சொன்னேன். ஊர்க்கவுண்டர் யோசித்துவிட்டு, "செரிங்கம்மா, சுத்திப் போங்க. ஆனா வெட்டுன கையே மொதக் கம்பத்தத் தூக்கோணும்" என்றார்.

மற்ற இரண்டு மலைக்காரர்களும் வேலைக்குத் திரும்பினார்கள். கம்பம் தூக்க நின்றபோது வழக்கம்போல் எங்கள் கீழ்நாட்டு ஆட்கள் ஒரு முனையில் சேர்ந்தார்கள். மேடம் எல்லோரையும் கலைத்துவிட்டுத் தோள் உயரம் பார்த்து ஜோடி சேர்த்தார். எனக்கு ஜோடி சடையன். கீழ்நாட்டில் நாங்கள் கம்பத்தை ஒரே மூச்சில் விறுவிறுவென்று கொண்டுபோய்ப் போடுவோம். சரிவில் அது பலிக்கவில்லை. பத்தடியில் வழுக்கி உட்கார்ந்தோம். மலைக்காரர்கள் முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைக்கிறார்கள். "இனிமே சடையன் குரலுக்குத்தான் எல்லாரும் அடி வைக்கணும். எனக்கும் சேர்த்துத்தான்" என்றார் மேடம். அவன் குரல் கொடுக்க, இருபது வருட சர்வீஸ் உள்ள நான் குழந்தைபோல அடி வைத்தேன். கம்பம் ஏறியது!

மூன்றாம் நாள் ஊர் ஆண்களும் வந்து தோள் கொடுத்தார்கள். நான்காம் நாள் பட்டப்பகலில் லைன் உயிர் பெற்றது. மாவு மில் ஓடும் சத்தம் கேட்டதும் பெண்கள் குலவை போட்டார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் ஆக்கி எட்டுப் பேரையும் மேடத்தையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சாப்பிட்டதில்லை.

அன்றிலிருந்து எந்த வேலைக்கும் முன்னால் சின்ன வேலையில் இருப்பவர் முதலில் பேசுவார், மேடம் கடைசியில் பேசுவார். "எனக்குத் தெரிஞ்சத நான் எப்ப வேணா சொல்லிக்கலாம். உங்களுக்குத் தெரிஞ்சது போயிட்டா எங்க போய்த் தேடுவேன்?" என்பார். பிறகு கடலோரத்தில் புயல் அடித்தபோதெல்லாம் கொல்லிமலைக் குழுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார்கள். ஒரு தடவைகூட நாங்கள் தலைகுனிந்து திரும்பியதில்லை.

பதவி உயர்வுப் பரீட்சை எழுதச் சொல்லி என்னையும் சடையனையும் அவர் விரட்டோ விரட்டென்று விரட்டினார். எனக்குத் தோட்டத்தில் வெங்காயம் இருந்தது, கண் சரியில்லை, ஏதோ ஒரு சாக்கு. சடையன் எழுதினான். இன்று அவன் எங்கள் ஃபோர்மேன். இந்த வாரம் பைல் நாட்டில் அவன் காட்டிய கம்பத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

திண்டுக்கல் போய் மேடம் வீட்டில் துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என் பங்காளி ஒருவர், "ஏனுங்க, உங்க ஏணியப் புடிச்சவனுக்குக் கீழயா இன்னும் வேலை பாக்கறீங்க?" என்றார்.

"ஆமாங்க, அவருதான் எங்க ஃபோர்மேன்" என்றேன், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. அந்தப் பெருமையைத்தான் மேடம் எனக்கு விட்டுப்போயிருக்கிறார்.