கறுப்புக் கட்டத்தைத் துடைத்தவள்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் சுத்தக்காரி. குடித்து முடிப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கிக் கழுவி வைத்துவிடுவாள். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். ஷூவோடு உள்ளே வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் குறைவு.

பிள்ளைகள் இரண்டும் தலையெடுக்கும்வரை வீட்டோடு இருந்தவள், பல வருஷம் கழித்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். மூன்று மாதம் சோதனைக்காலம். பல் மருத்துவமனை ஒன்றுக்கு, நோயாளிகள் நேரம் குறித்துக்கொள்ள ஒரு வலைப்பக்கம் செய்து காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கணினி நிரல் எழுதுகிற திரையின் அடியில் டெர்மினல் என்று ஒரு கறுப்புக் கட்டம் உண்டு. அதில் கட்டளையைத் தட்டினால்தான் பக்கம் உயிர் பெறும். அவளும் தட்டுவாள், பக்கமும் வந்துவிடும். வந்ததும் கட்டத்தின் மூலையிலுள்ள குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தி, திரையைப் பளிச்சென்று ஆக்கிவிடுவாள். வேலை முடிந்தால் சமையல் மேடையைத் துடைக்க வேண்டாமா?

பிறகு அந்த வலைப்பக்கத்தில் எதையாவது அழுத்திப் பார்த்தால், அது செத்துக் கிடக்கும். மறுபடி கட்டளை, மறுபடி உயிர், மறுபடி குப்பைத்தொட்டி. தப்பு தன் எழுத்தில்தான் என்று முடிவுகட்டி, நன்றாக இருந்ததை நோண்டி நோண்டிக் கெடுத்தாள். கெடுத்ததைப் பழையபடி ஒட்டவைத்தாள். சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நின்றுபோகிறது என்று குழுத்தலைவிக்குத் தினமும் எழுதி அனுப்பினாள். சுற்றிலும் அவள் வயதில் பாதிக்காரர்கள், கேட்கக் கூச்சம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், தனக்கென்று வந்தபோது வாயைத் திறக்கவேயில்லை.

"ரொம்பக் கஷ்டமா இருந்தா விட்டுடும்மா," என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது. அவரும் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

காட்ட வேண்டிய நாள் வந்தது. குழுத்தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுத்தக்காரி கட்டளையைத் தட்டினாள், பக்கம் வந்தது. கை வழக்கம்போல் மூலைக்குப் போவதற்குள், நானே பார்க்கிறேன் என்று குழுத்தலைவி மவுசை வாங்கிக்கொண்டார். கறுப்புக் கட்டம் அப்படியே கிடந்தது. சுத்தக்காரிக்கு உடம்பே கூசியது.

குழுத்தலைவி ஒரு தேதியை அழுத்தினார். கட்டத்தில் புதிதாக ஒரு வரி முளைத்தது. நேரத்தை அழுத்தினார், இன்னொரு வரி. ஒரு பெயரைப் பதிந்தார், அழித்தார், வேண்டுமென்றே தப்பாகவும் எழுதிப் பார்த்தார். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பக்கம் சாகவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கட்டம் வேலை முடிந்த எச்சில் தட்டு இல்லை, அடுப்பே அதுதான். எரிகிற அடுப்பைத் தானே அணைத்துவிட்டு, உலை கொதிக்கவில்லையே என்று தண்ணீரைக் குறை சொல்லியிருக்கிறாள்.

"நல்லாத்தானே ஓடுது. அப்புறம் ஏன் நின்னு போகுதுன்னு எழுதினீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

"அது தானா நிக்கல. நான்தான் தினமும் எடுத்துக் குப்பையில போட்டுக்கிட்டிருந்தேன்," என்று மூலையிலிருந்த படத்தைக் காட்டினாள்.

குழுத்தலைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்குமுன்னே, வேலை உறுதி என்றும், மருத்துவமனைக்கு அவளே வந்து இதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவள் மாடிப்படியில் நின்று கணவருக்குப் போன் செய்தாள். அவர் பதற்றமாக, வேலை கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்டார். 

"ஏங்க, நான் எழுதினது முதல்லயிருந்தே சரியாத்தான் இருந்துச்சுங்க," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.