யூதாசுக்கு முகம் கொடுத்தவர்

மணிலாவில் யூஸ்டாக்கியோ பனாக் என்றால் பேர்பெற்ற நவீன ஓவியர். லகூனா ஏரிக்கரையில் சொந்த ஊரில் அவர் வெறும் டாக்யோ. துணியில் வண்ணத்தைக் கட்டம் கட்டமாக அப்பிக் காலம் தள்ளுகிற ஆள்.

"இது என்ன கூயா, போர்வையா?" என்று தங்கை கோன்சிங் கேட்பாள். அந்த ஊரில் அண்ணனைக் கூயா என்பார்கள்.

"ஏரி."

"தண்ணியக் காணோமே?"

அவர் ஊரோடு வந்து தங்கிய வருடம், பங்குச் சாமியார் கோயில் சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவை வரையச் சொன்னார். "முகம் முகமாத் தெரியணும் டாக்யோ. உன் மணிலா வேலையெல்லாம் வேண்டாம்."

டாக்யோ ஊராரையே சீடர்களாக உட்காரவைத்தார். மேயர் பேதுரு ஆனார். வாத்துப் பண்ணைக்காரர், மீசை முளைக்காத இளம் யோவானாகும் ஆசையில் மீசையையே எடுத்துவிட்டார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குத்தான் ஆள் சிக்கவில்லை. முடிவெட்டும் பெலாகியோவைக் கேட்டபோது அவர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"என் பிள்ளைங்க இந்த ஊர்லதான்யா பொழைக்கணும். வேணும்னா உன் மூஞ்சியப் போட்டுக்க."

போட்டுக்கொண்டார்.

திறப்பு விழாவில் எல்லாரும் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள். இயேசுவின் பாடுகளை நினைக்கும் தவக்காலம் வந்ததும் கதை மாறியது. ஜெபமாலைப் பெண்கள் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். சந்தையில் மீன்காரி அவர் கையிலிருந்த மீனைத் திரும்பப் பிடுங்கினாள். "சும்மாவா ஒருத்தன் யூதாசா உக்காருவான்? உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு."

மணிலாவிலிருந்து வந்த ஒரு விமர்சகர், நவீன ஓவியத்தைக் காட்டிக்கொடுத்த துரோகி என்று பத்திரிகையில் எழுதினார். ஊரும் மணிலாவும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனது டாக்யோவுக்கே வியப்பு.

அடுத்த தேர்தலில் மேயர் தோற்றார். புது மேயர் சுவரில் இருந்த பேதுருவை முறைத்தார். "அந்த ஆளை எடுத்துட்டு என்னைப் போடு." பழையவரின் ஆட்கள், "தொட்டுத்தான் பாரேன்" என்றார்கள். சாமியார் தலையைப் பிடித்துக்கொண்டார். "யாரு மனசும் நோகாம ஏதாவது பண்ணித் தொலைப்பா."

டாக்யோ சாரம் கட்டி ஏறினார். இயேசுவை விட்டுவிட்டு, சீடர்களின் முகங்களை எல்லாம் வெறும் முக்கோணங்களாக்கினார். தன் முகத்தில் மட்டும் கைவைக்கவில்லை. அதைப் பற்றித்தான் யாரும் புகார் சொல்லவில்லையே!

அடிதடி வரும் என்று கோன்சிங் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். வரவில்லை. அதே விமர்சகர் மறுபடி வந்து, நாட்டின் நவீன ஓவியத்துக்கே இது உச்சம் என்று எழுதினார். ஞாயிறு பூசைக்கு முன் புது மேயர் விருந்தாளிகளைச் சுவரருகே கூட்டிப்போனார்.

"அதோ, எடுப்பா ஒண்ணு தெரியுது பாருங்க, அது நான்தான்."

சற்றுத் தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பழைய மேயரும், தன் மனைவிக்கு அதே முக்கோணத்தைத்தான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.