சாய்கோடிட்ட சதுரம்

இந்த நாட்டில் சிறுநீரையும் தபாலில் அனுப்புகிறார்கள். என் மகனின் ஐந்து வயது மகள் நிலாவின் சிறுநீரைச் சிறு குழாயொன்றில் அடைத்து, உறையிலிட்டு, ஏதோவொரு தூரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் மாதிரிப் போத்தல்களுக்குச் சீட்டெழுதிய கை என்னுடையது. அந்தக் கையால் இந்த உறையிலும் பெயர் எழுதினேன். நோர்வேக்கு வந்து பத்து ஆண்டுகளாகியும் இந்நாட்டின்மீது எனக்கு அன்பு பிறக்கவில்லை. இருந்த கொஞ்ச மதிப்பும் அன்று குறைந்தது.

முடிவு வந்ததும் அழைத்தார்கள். மருத்துவர் என் மகனின் வயதுகூட இல்லாத பெண். என்னை வெறும் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, தாளில் ஓர் உடற்கலத்தை வரைந்தார். புரதங்களிலிருந்து கழன்ற சீனிச் சங்கிலிகள் கலத்தின் உள்நீர்மமான குழியவுருவில் ஓரளவு நறுக்கப்பட்டு, இலைசோசோம் என்னும் சிறு பையின் சுவரைச் சக்தி செலவழித்துக் கடக்குமாம். உள்ளே நொதியங்கள் நுனியிலிருந்து ஒவ்வொரு சீனியாகக் கழற்றும். ஒரு நொதியம் இல்லாவிட்டால் அடுத்தது தொடாது. சங்கிலி பைக்குள் தேங்கும், சிறுநீரிலும் கசியும். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எங்கள் மூட்டைகளை அவிழ்த்த வரிசையை நினைத்தேன். முதல் மேசைக்காரன் வராத நாளில், மற்ற மேசைகளில் ஆளிருந்தும் மூட்டை நகராது. நிலாவின் காதும் பேச்சும் மங்கியது அந்தத் தேக்கத்தால்தான்.

“ஏன் முன்பே பிடிபடவில்லை?” என்று அதட்டினேன். மருத்துவர் பழைய கோப்பைத் திறந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிலாவைக் காட்டியபோது கேட்ட இரு கேள்விகள் அதிலிருந்தன. பெற்றோர் இரத்த உறவா? இப்படியான பிள்ளை குடும்பத்தில் முன்பு இருந்ததா? இரண்டுக்கும் ‘இல்லை’. இரண்டும் என் பதில்கள்.

மருமகள் நளினி என் சொந்தத் தங்கையின் மகள். மச்சாளைக் கட்டுவது எங்களுக்கு உரிமை; இவர்கள் அதைக் குற்றம்போல் விசாரிக்கிறார்கள். அதோடு, அன்று தொலைபேசியில் வந்த தொல்க், அதாவது மொழிபெயர்ப்பாளர், எங்கள் பக்கத்துத் தமிழ் பேசினார். அந்தக் காதில் என் வீட்டுக் கதையைப் போட நான் தயாராயிருக்கவில்லை. நளினியும் என் முகத்தைப் பார்த்து வாய் மூடியிருந்தாள்.

இப்போதும் தொலைபேசியில் அதே குரல். இந்நோய் உங்கள் குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்து, அது எப்படி முற்றியது என்று தெரிந்தால், ஆபத்தான எலும்பு மச்சை மாற்றத்தைத் தீர்மானிக்க உதவும் என்றார் மருத்துவர்.

“மாமா,” என்றாள் அருகிலிருந்த நளினி, “சேகர் மச்சானைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னவா. நீங்கள் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் சொல்லுறன்.”

“மெல்லக் கதை, பிள்ளை. போனிலை இருக்கிறது எங்கடை ஆள். நாளைக்கு ஊரிலை நெடுங்கேணி வரைக்கும் கதை போகும்.”

“போகட்டும். உங்கடை மரியாதைக்கு மூடி போட என்ரை பிள்ளையின்ரை காதே கிடைச்சது?”

தொலைபேசி கனைத்தது. “ஐயா, இதையும் மொழிபெயர்க்கட்டோ?”

“ஓம், எல்லாத்தையும் சொல்லும்,” என்றேன். “எனக்கு மூத்த மகன் ஒருவன் இருந்தவன்.”

சேகருக்குக் காது கேட்காது. ஆறு வயதில் நடை தள்ளாடியது. தெரிந்த சொற்களும் போயின. இரணைமடுக் குடியேற்றத் திட்டத்து எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவனை அடுப்படிக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். ஒன்பது வயதில் இறந்தான். காய்ச்சல் என்றோம். அவன் தம்பியான நிலாவின் அப்பாவுக்கும் அதையே சொல்லி வளர்த்தோம்.

சிகிச்சையை இனிப் பிந்தவிடக்கூடாது என்றார் மருத்துவர். இரண்டு ஆண்டுகள் முந்தியிருந்தால் என்று தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த இரக்கத்தையும் நான் மன்னிக்கவில்லை. தொல்க் வாயால் ஊர் அறியுமுன் என் கையெழுத்தில் அறியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மருத்துவர் எங்கள் வம்சத்தை வரைந்தார். என் மகனுக்கும் நளினிக்கும் இடையே இரத்த உறவைக் குறிக்கும் இரட்டைக் கோடு. மகனுக்குப் பக்கத்தில், அவன் அண்ணனுக்கு ஒரு சதுரம். நோயுற்றவன் என்பதற்கு அதைக் கறுப்பாக நிரப்பி, இறந்தவன் என்பதற்குச் சாய்கோடு இழுத்தார். பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டார். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் அவன் படம் இல்லை. வயற்கரையில் அவனைப் புதைத்த இடத்தில் கல்லும் இல்லை. நான் வெறுக்கும் இந்நாட்டின் கோப்பொன்றில், அந்தச் சதுரத்தின் கீழ், என் மகனின் பெயர் பிழையில்லாமல் இருக்கிறது.