காதில் கறுப்புக் கயிறு

இசையமைப்பாளரே, அந்தக் கல்யாணப் பாட்டு நீங்கள் போட்டதல்ல. என் அத்தை போட்டது. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் படம் எண்பதுகளில் நடக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம், டயல் சுற்றும் டெலிபோன், காதை மூடி முடி வளர்த்த கதாநாயகன், கொஞ்சம் காதல், நிறையச் சிரிப்பு. அதெல்லாம் உங்கள் பாடு. ஐந்து பாட்டில் நான்கைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. மூன்றாவது பாட்டில் பெண் வீட்டுக்காரிகள் மாப்பிள்ளைத் தோழனைக் கேலி செய்கிறார்கள்.

"மாப்பிள்ளை ஊட்டு மச்சானே, முறைச்சுப் பாக்குற மச்சானே,
காதுல என்னா கறுப்புக் கயிறு? கட்டினவ எங்க போனா?
சொல்லப்பா, செப்பப்பா, ஹேளப்பா."

காதில் எதற்குக் கயிறு என்று உங்கள் இயக்குநருக்கும் புரியவில்லை போலிருக்கிறது. அந்த வரி வரும்போது ஒரு மாட்டைக் காட்டுகிறார். மாட்டுக்குக் கயிறு மூக்கில் இருக்கும், கழுத்தில் இருக்கும். காதில் யார் கட்டுகிறார்கள்? கடைசி வரியைப் பற்றித் தொலைக்காட்சியில் உங்களைக் கேட்டார்கள். அர்த்தமில்லாத சொற்கள், தாளத்துக்காகத் தானாக வந்து விழுந்தன என்றீர்கள். செப்பு என்பது தெலுங்கு. ஹேளு என்பது கன்னடம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்றால் இரண்டும் காதில் விழும். தஞ்சாவூரில் விழாது.

அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது கட்டியிருந்த இடத்தில் நானும் இருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் தங்கைக்குச் சூளகிரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை கர்நாடகத்து மாலூர்க்காரர். அவர்கள் பக்கம் கன்னடமும் தெலுங்கும்தான் அதிகம். என் அத்தை, அதாவது அம்மாவின் அண்ணனைக் கட்டியவர், ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற வேலையில் இருந்தார். பேச்சு குறைவு. ஆனால் நலங்கு வைக்கும் நேரத்தில் அவர்தான் எல்லாருக்கும் வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவரைப் பார்ப்பார், அந்த இடத்திலேயே அவரைப் பற்றிக் கட்டிப் பாடுவார். கேலி புரியாமல் யாரும் தப்பித்துவிடக் கூடாது என்று மூன்று மொழியிலும் பாடுவார்.

எங்கள் வீடுகளில் இதற்கு ஒரு முறை உண்டு. பாட்டில் மாட்டியவர் கோபப்படக் கூடாது. சபையில் எழுந்து பதில் பாட வேண்டும். பதில் வரும்வரை அவருக்குத் தாம்பூலம் கிடையாது.

அன்று மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். காதில் இயர்போன், அதிலிருந்து கறுப்பு ஒயர் சட்டைப்பைக்குள் போயிற்று. மாப்பிள்ளையின் பங்காளிப் பையன், கல்யாண வீட்டிலும் சினிமாப் பாட்டுக் கேட்கிறான் என்று அத்தை நினைத்துவிட்டார். பாடினார். மண்டபமே சிரித்தது. அவன் எழுந்து கும்பிட்டான்.

"கொஞ்சம் டைம் குடுங்க அக்கா. பதில் பாடறேன்" என்றான்.

எனக்கு அவன்மேல் முதலிலேயே சந்தேகம். காலையில் டிபன் பந்தியில் பரிமாறியவர் கேட்டபோது மாப்பிள்ளை வீடு என்றான். கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையின் அப்பா கேட்டதற்குப் பெண் வீடு என்றான். இரண்டையும் நான் கேட்டேன். இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிற திருடன் என்று முடிவு செய்து பின்னாலேயே சுற்றினேன். அவன் செருப்பை எங்கே விட்டான், யாரைப் பார்த்துச் சிரித்தான், எத்தனை ஜாங்கிரி வாங்கினான், எல்லாம் என் கணக்கில் இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து அத்தை மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவன் அங்கே போனான். இன்னொரு தடவை பாடச் சொன்னான். அத்தை சிரித்துக்கொண்டே மறுத்தார், பிறகு பாடினார். அவன் சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினான். அதன் தலையில் பஞ்சு போல எதுவோ இருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே பாடினார். அதற்கு முன்பு நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. யாரோ முதல்முறையாக உட்காரச் சொன்னது போல இருந்தது அவர் முகம்.

எங்கள் தெருவில் வசிய மருந்து வைத்துப் பெண்களைக் கூட்டிப் போகிறவர்களைப் பற்றிப் பேச்சு இருந்தது. அதுதான் இது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடினேன்.

"மாமா, அத்தைக்கு ஒரு ஆளு என்னமோ வெக்கிறான்."

மாமா வந்தார். கூட நான்கு பேர் வந்தார்கள்.

"யாரு ஊட்டு ஆளுடா நீ?" என்றார் மாமா.

அவன் மாப்பிள்ளை வீடு என்றான். மாப்பிள்ளையின் அப்பாவும் அங்கேதான் நின்றிருந்தார். எங்கள் ஆள் இல்லையே என்றார். சட்டையைப் பிடித்தார்கள். அவன் அந்தக் கறுப்புச் சாமானை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வழுக்கி ஓடினான். சாலைக்கு அந்தப் பக்கம் பெங்களூர் பஸ் நின்றது. ஏறிவிட்டான்.

அவன் போன பிறகு கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே. மாமா அத்தையின் பக்கம் திரும்பினார்.

"கண்டவன் முன்னாடி வாயத் தொறந்தா இப்புடித்தான். இனிமே எந்த ஊட்டுலயும் பாடற வேலை வேணாம்."

அத்தை குழாயை மூடினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஆறேழு கல்யாணம் நடந்திருக்கிறது. நலங்குக்கு இப்போது ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறார்கள்.

எனக்கு அன்று நல்ல பெயர். சூட்டிகையான பிள்ளை என்று பெரியப்பா சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இரண்டு மைசூர்பாகு எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் அத்தை எங்களோடுதான் வேனில் வீட்டுக்கு வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆள் பத்திரமாக இருக்கிறார், நான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அத்தையிடமிருந்து எடுத்துப் போகக்கூடியது வேறு ஒன்று இருக்கிறது, அந்தப் பஞ்சுத்தலை மைக்கில் அது முன்னாலேயே பஸ் ஏறிவிட்டது என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்ததை அடைத்தது நான்தான் என்பதும் தெரியவில்லை.

போன மாதம் கம்பெனி பஸ்ஸில் உங்கள் பாட்டு ஓடியது. பக்கத்தில் இருந்த பெண்கள் கை தட்டிக்கொண்டு கூடவே பாடினார்கள். அன்றைக்கே அத்தை வீட்டுக்குப் போய் என் இயர்போனை அவர் காதில் மாட்டினேன். கறுப்பு ஒயர்தான். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அவன் பதில் பாடிட்டானா?"

இல்லை என்றேன்.

"பாடணுமே" என்றார்.

இசையமைப்பாளரே, அன்று வந்த ஆள் நீங்களா, உங்களுக்குப் பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தவனா என்று எனக்குத் தெரியாது. முகம் மறந்துவிட்டது. ஒயர் மட்டும் நினைவிருக்கிறது. எது என்றாலும் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தனியாக ஃபோன் செய்ய வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். படத்தின் வெற்றி விழா என்று மேடை போடுகிறீர்களே, அதில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அந்தக் கயிறு யார் காதில் தொங்கியது? அதைப் பார்த்துப் பாடியது யார்?

எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் வரட்டும். என் அத்தைக்கு மூன்றும் புரியும்.

சொல்லப்பா. செப்பப்பா. ஹேளப்பா.